ஆண்ட பரம்பரையும் ஆடிய பரம்பரையும்

(திரைப்பட விவாதக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெருமளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



2021 ஜூலையில் வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தைப் பத்தி நிறையப் பேசியாச்சு. சண்டை எப்படி, படத்தொகுப்பு எப்படி, ஆர்யா உடம்பை எப்படி ஏத்தினாருன்னு பேசினாங்க. வாத்தியாரைச் சைக்கிள்ல உக்கார வச்சு கபிலன் மிதிச்சுக்கிட்டுப் போற காட்சி கேலிப்படமா ஊரெல்லாம் சுத்துச்சு. நான் அதுக்குள்ள போகல. தலைப்பில் இருக்கிற இரண்டாவது சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பரம்பரை.

இந்தச் சொல்லை நாம எங்க பாக்கிறோம்? சாதிச் சங்கத்துச் சுவரொட்டியில. 'ஆண்ட பரம்பரை'ன்னு போட்டிருக்கும். யாரை ஆண்டாங்கன்னு எழுதியிருக்காது. அது நமக்குப் புரியும்னு அவங்களுக்குத் தெரியும். அந்தப் பரம்பரைக்கு ஒரே ஒரு தகுதிதான்: பிறப்பு. அப்பன் யாரோ அவன்தான் பிள்ளை. பயிற்சி வேண்டாம், உழைப்பு வேண்டாம், பிறந்தாலே போதும்.

வடசென்னையில் இதே சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை இருந்திருக்கிறது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்கள் இருந்தன. பேரைக் கவனியுங்க. ரெண்டு பேரில் சாதிப் பட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா உள்ளே ஆடினவங்க ஒரே ரத்தம் கிடையாது. அங்கே பரம்பரை என்றால் வாத்தியார் வழி. யாரிடம் கற்றாயோ அதுதான் உன் பரம்பரை. பிறப்பால் மட்டும் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட ஒன்றை உழைக்கும் மக்கள் பயிற்சியால் கிடைப்பதாக மாற்றிவிட்டார்கள். படத்தின் அரசியலே இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் வாசிக்கிறேன்.

ரங்கன் வாத்தியார் ஆடி ஓய்ந்தவர். பரம்பரையின் மானமே பந்தயமாக இருக்கிறது. தோத்தா இனி சார்பட்டா மேடை ஏறாது. அந்த நேரத்தில் எல்லாரும் எதிர்பார்ப்பது அவருடைய மகன் வெற்றிச்செல்வனை. ரங்கன் மகனைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் ராமன், கடைசியில் கபிலன். கபிலன் யாரு? துறைமுகத்துல மூட்டை தூக்குறவன். ஆட்டக்காரனாயிருந்து கத்தியெடுத்துச் செத்துப்போன முனிரத்தினத்தின் மகன். முறையாக ஒருநாளும் கற்றவனில்லை, எட்ட நின்று பார்த்தே கற்றவன். நமக்கு உடனே ஏகலைவன் நினைவுக்கு வருவான். துரோணன் கட்டைவிரலைக் கேட்டான். ரங்கன் அந்தக் கைக்குக் கையுறை கொடுக்கிறார். புராணத்தைத் திருப்பி எழுதுவது என்றால் இதுதான்.

அப்போ ஒரு கேள்வி. ஓய்ந்த வீரன் தன் பிள்ளைக்கு என்ன விட்டுட்டுப் போறான்? முனிரத்தினம் விட்டுப்போனது பயம். பாக்கியம் மகனைப் போட்டு அடிக்கிறாளே, அதை வெறும் தாய்க் கண்டிப்பாகப் பார்க்காதீர்கள். நம் சேரிப் பெண்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். பையனுடைய உடல்பலத்துக்கு வெளியே எப்பவும் ஒரு விலை இருக்கு. கட்சிக்காரன் வாங்குவான், சாராயக்காரன் வாங்குவான். கேஸ் வந்தா மட்டும் பையன் தனி ஆள். அவள் அடி அந்தக் கணக்கிலிருந்து வருகிற அடி. படத்திலும் அதுதான் நடக்கிறது. வேம்புலியைக் கபிலன் வெல்லப்போகும் நேரத்தில் மேடையிலேயே அவனை நிர்வாணப்படுத்துகிறார்கள். விளையாட்டில் தோற்கடிக்க முடியாதவனைச் சாதியால் தோற்கடிக்கிற முறை அது. அதே இரவில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்படுகிறது (1976 ஜனவரி 31), ரங்கன் மிசாவில் போகிறார். வாத்தியார் இல்லாத பிள்ளை சிறைக்கும் சாராயத்துக்கும் போகிறான். அப்பன் போன அதே பாதை. சாதிச் சமூகம் நம் பிள்ளைகளுக்கென்று தயாராக வைத்திருக்கிற பரம்பரைச் சொத்து இது.

இதை மறித்து வேறொன்றைக் கொடுத்த ஓய்ந்த வீரன் ஒருவரை நமக்குத் தெரியும். சுபேதார் ராம்ஜி சக்பால். ஆங்கிலேயப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதையே வெள்ளையர் நிறுத்தினார்கள். எந்தச் சாதி போர்ச் சாதி என்று பிறப்பை வைத்துப் பட்டியல் போட்ட காலம் அது. அதுவும் ஒரு 'ஆண்ட பரம்பரை'க் கணக்குதான். அந்தச் சுபேதார் மகனுக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை, புத்தகம் கொடுத்தார். கையில் காசில்லாதபோது கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்கினார். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். 1913இல் ராம்ஜி இறந்தார். அதே ஆண்டு மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பாபாசாகேப் என்று இன்று நாம் வணங்குகிறவர் அந்த மகன்தான்.

ஆனா தோழர்களே, அந்த நகை யாருடையது? அக்காக்களுடையது. படிப்பு தம்பிக்குப் போச்சு, அடகு அக்காக்களுடையது. இதை நாம் பேசுவதில்லை. 'சார்பட்டா'விலும் இதே இடைவெளி இருக்கு. மாரியம்மா யாருக்கும் பயப்படாத பெண். புருஷனை நேருக்கு நேர் கேட்கிறாள். ஆனால் அவளிடமோ வேறொரு பெண்ணிடமோ கையுறை போவதைப் படம் யோசிக்கவில்லை. 1970களின் கதை, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லலாம். ஒலிம்பிக்கே பெண்களுக்குக் குத்துச்சண்டையை 2012இல்தான் திறந்தது. அந்த ஆண்டு வெண்கலம் வாங்கிய மணிப்பூர் மேரி கோம், கோம் பழங்குடி மகள். அவர் அப்பாவும் இளவயதில் மல்யுத்தம் செய்தவர். அவருக்குத் தெரியாமல்தான் மகள் ஆடத் தொடங்கினார். வாத்தியார் மகனல்லாதவனுக்குத் திறந்த கதவு, வீரனுடைய சொந்த மகளுக்கே மூடியிருந்தது.

இன்னொன்று, வெற்றிச்செல்வன். ரங்கன் அவனை ஒதுக்கியது நியாயம். ஆனால் ஒதுக்கப்பட்ட பிள்ளையோடு அவர் எங்கே பேசினார்? ஊருக்கு வாத்தியாரா இருந்தவர் வீட்டில் மௌனியாக இருக்கிறார். பதவியை மகனுக்குக் கொடுக்காமல் இருப்பது ஜனநாயகம். வார்த்தையையும் கொடுக்காமல் இருப்பது ஆண் அதிகாரம். இரண்டையும் பிரித்துப் பார்க்கணும்.

இதையெல்லாம் ஏன் இங்கே பேசுறேன்? ஒரு காலத்தில் மேடையேறி அடிவாங்கிச் சிறைக்குப் போன நம் மூத்தவர்கள் இப்போது ஓய்கிற வயதில் இருக்கிறார்கள். இயக்கத்தை யாரிடம் கொடுக்கப் போகிறார்கள்? பெரிய கட்சிகளைப் பார்த்து 'வாரிசு அரசியல்' என்று நாம் கேலி செய்கிறோம். நம் மாவட்டக் கமிட்டியில், நம் இரவுப் பள்ளியில், நம் பத்திரிகைக் குழுவில் அடுத்த பெயர் யாருடையது? தலைவர் மகனுடையதா? நாற்காலி எடுத்துப் போட்டுட்டு எட்ட நின்னு கேட்டுக்கிட்டிருக்கிற பையனுடையதா? கூட்டம் முடிஞ்சு டம்ளர் கழுவுற தங்கச்சியுடையதா?

எட்ட நிற்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பேசவும் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொடுப்பதுதான் வாத்தியார் வேலை. அது செய்யாமல் மேடையில் 'சாதி ஒழிக' என்று முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போய் மகனுக்குப் பட்டம் கட்டினால் நம்முடையதும் ஆண்ட பரம்பரைதான். மூத்த தோழர்களும் இந்த அரங்கில் இருக்கிறார்கள். பதிலை அவர்களே இங்கே பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

ஜெய்பீம்.