அச்சமும் நரம்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில், மாணவர் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இளைஞர் உள்ளநலம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் மருத்துவர் அல்லேம். இலக்கணம் கற்பித்து வாழ்பவர். எனினும் இருபது ஆண்டுகளாக நாடோறும் சிறார் முகங்களை எதிரே கண்டு வருவதானும், இப்பொருளில் எமக்குத் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று இருத்தலானும் இசைந்தோம்.

அக்கடன் யாதெனின் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பயின்றான். வீட்டில் செய்யுளைப் பிழையின்றி ஒப்பிப்பான் என்று அவன் அன்னையார் சொல்லுவார். வகுப்பில் எழுப்பினாலோ வாய் திறவான். உள்ளங்கை வியர்க்கும், உதடு உலரும், பார்வை சுவரில் நிலைக்கும். யாம் அதனைச் செருக்கென்று கொண்டோம். மூன்று நாள் தொடர்ந்து, மணி அடிக்குமளவும் அவனை நிற்க வைத்தோம். நான்காம் நாள் அவன் வரவில்லை. பள்ளியுடை அணிந்த அளவிலே வாந்தி எடுத்தான் என்றும், வயிற்று நோயென்று இரண்டு மருத்துவரிடம் காட்டியும் ஒன்றும் புலப்படாமையால் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர் என்றும் பின்னர் அறிந்தோம். அம்மருத்துவர் எம்மையும் வரவழைத்தார். "அவன் பேச மறுக்கவில்லை, ஐயா. அவன் உடம்பு அவனைப் பேச விடவில்லை" என்றார். அன்று தலைகுனிந்து கேட்டவற்றையும், அதன் பின் யாமே தேடிக் கற்றவற்றையுமே இன்று இங்கே கூறப் புகுந்தோம்.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை நம்மவர் பலரும் பெயரளவிலேனும் அறிவர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன மெய்ப்பாடு எட்டு. மெய்ப்பாடு என்னும் சொல்லை நோக்குமின். உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் படுதலே மெய்ப்பாடு. ஆண்டுதோறும் இதனைக் கற்பித்து வந்த யாம், எம் எதிரே வியர்த்து நின்ற மெய்ப்பாட்டைச் செருக்கென்று படித்தோம்! இதனைக் கேட்டதும், நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று கைதட்ட வேண்டா. அவர்கள் புறத்தே தோன்றுவதைக் கூர்ந்து கண்டனர். அகத்தே ஓடும் நரம்பின் தொழிலை அறிந்தாரல்லர். அது பின்வந்தோர் உழைப்பால் விளங்கிற்று.

நம் உடம்பில் நம் ஏவலை எதிர்பாராது இயங்கும் நரம்புத் தொகுதி ஒன்றுண்டு. இதயத் துடிப்பு, மூச்சு, செரிமானம், வியர்வை ஆகியவற்றை அது நடத்துகின்றது. அதனைத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்பர். அதன் ஒரு பிரிவு பரிவு நரம்புகள். இடர் வந்ததென்று மூளை கொண்டவுடன் இவை கிளர்ந்தெழும், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்த அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் குருதியில் விடும், இதயம் விரையும், தசைகளுக்குக் குருதி மிகும், செரிமானம் தாழும், வாய் உலரும். எதிர்த்து நிற்றற்கோ ஓடித் தப்புதற்கோ உடம்பு இங்ஙனம் ஆயத்தமாவதை அமெரிக்க நாட்டு வால்ட்டர் கானன் என்னும் உடலியல் அறிஞர் 1915-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே விரித்துரைத்தார். எதிர்க்கவும் ஓடவும் இயலாதவிடத்து உடம்பு உறைந்து நிற்றலும் உண்டு. வகுப்பறையில் எழுப்பப்பட்ட சிறுவன் ஆசிரியரை எதிர்த்தலும் ஆகாது, ஓடுதலும் ஆகாது. அவன் என் செய்வான்?

மற்றொரு பிரிவு எதிர்ப்பரிவு நரம்புகள். இவற்றுள் தலையாயது மூளையினின்று இறங்கி இதயத்தையும் வயிற்றையும் அளாவும் வேகஸ் நரம்பு. இது இதயத்தை அமைதிப்படுத்துவது. 1921-இல் ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி என்பார் தவளை இதயங்கள் இரண்டை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயம் தோய்ந்திருந்த நீரை மற்றை இதயத்தில் விட்டார். நரம்பு தீண்டப்படாத அவ்விதயமும் தளர்ந்தது! நரம்பு தன் ஏவலை ஒரு வேதிப்பொருளால் உணர்த்துகின்றது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. இச்சோதனையின் எண்ணம் கனவிலே தோன்றியதாக அவரே சொல்லியிருக்கின்றார். 1936-இல் ஹென்றி டேல் என்பாரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவையெல்லாம் பெரியோர்க்கும் உள்ளனவே. சிறார்க்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு எனின், மூளையின் வளர்ச்சி எல்லாவிடத்தும் ஒருசேர நிகழ்வதன்று. அச்சத்தை முதலில் உணரும் அமிக்டலா என்னும் பகுதி பூப்புப் பருவத்தே மிகக் கூர்மையுற்றிருக்கும். அதனை அடக்கி, ஆராய்ந்து, பொறுத்திரு என்னும் நெற்றிப்புற மூளையோ இருபத்தைந்து அகவையளவிலேதான் நன்கு முதிர்கின்றது. வண்டியில் குதிரை வந்துவிட்டது. கடிவாளம் இன்னும் கொல்லனிடத்து உள்ளது. பதினைந்து அகவைப் பிள்ளையிடம் ஐம்பது அகவைத் தந்தையின் நிதானத்தை வேண்டுதல் முறையாகுமா?

உறக்கத்தின் செய்தியும் இத்தகையதே. உறக்கத்திற்கு உடம்பைச் செலுத்தும் மெலட்டோனின் இப்பருவத்தில் காலம் தாழ்த்தே சுரக்கின்றது. ஆகவே பதினொரு மணிக்கும் உறக்கம் வாராமை சோம்பலும் அன்று, திமிரும் அன்று. பதின்மூன்று முதல் பதினெட்டு அகவையினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டுமென்பர். நம் சங்க விடுதியிலோ விடியற்காலை நான்கரை மணிக்கு மணி அடிக்கின்றது. படிப்பறை விளக்கு இரவு பதினொன்றுக்கு அணைகின்றது. கணக்கைத் தாங்களே போட்டுக் கொள்ளுங்கள். உறக்கம் குன்றினார்க்குச் சிறு சொல்லும் பேரிடராய்த் தோன்றும்.

இனி, நெஞ்சில் தைப்பதொன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது, பெரியோர் பொறுத்தருள்க. அச்சம் பிறத்தற்கு நிலைக்களன் நான்கென்று தொல்காப்பியர் வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இக்காலத்துப் பிள்ளைக்கு முதல் மூன்றும் அரியன. நான்காவதாகிய இறை என்பதில் அரசனோடு தந்தையையும், ஆசிரியரையும், இம்மேடையில் வீற்றிருக்கும் நம்மையும் அடக்கிக்கொள்ளலாம் என்பதே எம் கருத்து. சென்ற ஆண்டு இதே மேடையில் பரிசு பெற்றோர் பெயரைப் படித்தபின், தவறினோர் பெயரும் படிக்கப்பட்டது. "நம் குலத்துக்கே தலைகுனிவு" என்றும் ஒருவர் முழங்கினார். யாமும் இம்மேடையில் வாளா இருந்தோம். ஒரு குலத்தின் மானத்தை முப்பத்தைந்து மதிப்பெண்ணில் தொங்கவிட்டு, அச்சுமையைப் பதினைந்து அகவைத் தோளில் ஏற்றினால் எந்த நரம்பு தாங்கும்? அச்சம் மிக்கவிடத்துக் கற்றது நினைவுக்கு வாராது என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. ஆதலின் நம் முழக்கம் மதிப்பெண்ணையும் தந்திலது.

எல்லாம் நரம்பின் மேல் ஏற்றிவிட்டு அமைதி கொள்ளலும் ஆகாது. வறுமை, வீட்டுப் பூசல், உடன்பயில்வோர் இழிவுரை ஆகியவையும் உள்ளத்தை நைவிக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பதின்மூன்று முதல் பதினேழு அகவையினருள் நூற்றுவர்க்கு எழுவர் அளவில் மனநலக் குறை காணப்பட்டது. நம் இல்லங்களில் இதன் பெயரையும் சொல்லமாட்டோம். மகன் என்றால் 'நரம்புத் தளர்ச்சி' என்று பேருந்து நிலையச் சுவரில் எழுதிய மருந்தை நாடுவோம்; மகள் என்றால் மந்திரித்துக் கயிறு கட்டுவோம். வெளியே தெரிந்தால் மணம் தடைப்படும் என்பது அச்சம். அதுவும் ஓர் அச்சமே! இரண்டு வாரத்திற்கு மேல் பிள்ளை சோர்ந்தே இருப்பினும், விரும்பிய விளையாட்டை வெறுப்பினும், உணவும் உறக்கமும் மாறினும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "நான் இல்லாவிட்டால் நல்லது" என்று ஒருமுறை சொல்லினும் அன்றைக்கே செல்லுங்கள். அச்சொல்லை நடிப்பென்று தள்ளாதீர்கள். 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியின் எண் 14416. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாணவச் செல்வங்களே, உங்கட்கும் ஒன்று. மூச்சை உள்வாங்குங்கால் இதயம் சற்று விரையும். வெளிவிடுங்கால் வேகஸ் நரம்பின் தொழில் மிக்குச் சற்றுத் தளரும். ஆதலின் வெளிமூச்சை நீட்டி மெல்ல விடுதல் நெஞ்சப் படபடப்பைத் தணிக்கும். வினாத்தாள் வாங்கும் முன் ஐந்தாறு முறை செய்து பாருங்கள். இது நோய்க்கு மருந்தன்று. அந்நேரத்துக்கு ஒரு கைப்பிடி.

அம்மாணவன் நான்கு திங்கள் மருத்துவரிடம் சென்று வந்தான். மீண்டும் வகுப்புக்கு வந்தபோது யாம் அவனை எழுப்பவில்லை. செய்யுளை எழுதித் தருமாறு கூறினோம். ஆண்டிறுதியில் ஒருநாள், வகுப்பு கலைந்தபின், யாம் கேளாமலே எம் மேசையருகே நின்று ஒரு செய்யுளை முழுதும் சொன்னான். இடையில் ஒரு சீர் பிழைத்தது. யாம் திருத்தவில்லை.

செயற்குழுவினர்க்கு இரண்டு வேண்டுகோள்: தவறினோர் பெயரை இம்மேடையில் இனிப் படிக்கலாகாது. விடுதி மணியை ஆறு மணிக்கு மாற்றுதல் வேண்டும். நாளைக் காலைக் கூட்டத்தில் இவற்றை எழுத்து வடிவில் அளிக்கின்றோம்.