தன்னாய்வுக்கு ஒரு நேரம்

தன்னாய்வு என்பது ஒருவர் தம் சொல்லையும் செயலையும் தாமே எடுத்துவைத்துப் பார்ப்பது. வேலை ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போடுவோர் உண்டு. ஆனால் அதை வழக்கமாகக் கொண்டிருந்தவர்களில் பலர் மூச்சுவிட நேரமில்லாதவர்கள். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்கென எழுதிக்கொண்ட குறிப்புகளில் ஒரு பகுதி, டானூப் எல்லைப் போர்க்காலத்தில் எழுதப்பட்டது.

பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் ஃபிராங்ளின் 13 நற்குணங்களைக் குறித்துக்கொண்டு, சிறு நோட்டு ஒன்றில் குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். சிவப்பு மையில் கோடு, கிழமைக்கு ஒரு கட்டம், தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு குணமாக ஆண்டில் நான்கு சுற்று வரும். தம்மை மிகவும் படுத்தியது ‘ஒழுங்கு’தான் என்று சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார், நோட்டுப் போட்டவருக்கே அந்தக் கதி! இம்முறையின் சிறப்பு, புள்ளி வைத்ததோடு காரியம் முடிந்துவிடுவது. ‘இப்படிச் செய்துவிட்டோமே’ என்று விடியவிடியப் புரண்டுகொண்டிருப்பது தன்னாய்வு ஆகாது.

காந்தி திங்கட்கிழமைதோறும் கடைப்பிடித்த மௌனம் இன்னும் கறாரானது. ஓய்வுக்கும் எழுத்து வேலைக்குமாகத் தொடங்கி, போகப்போக ஆன்மிகப் பயிற்சியானது அது. 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டம் மறுநாள் அறிவிக்கப்பட இருந்தது. அன்று வைஸ்ராய் மவுண்ட்பேட்டனைச் சந்தித்த காந்தி வாய் திறக்கவில்லை. பழைய கடித உறைகளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். அவசரமான விஷயத்தில் உயர் பதவியாளர்களோடு பேசலாம் என்ற விலக்கு அவர் விரதத்திலேயே இருந்தது. அதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைய இடையூறு கைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நடுநடுவே வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் யோசிப்பது, பத்து நிமிடம் யோசித்ததாகாது. போனை அடுத்த அறையில் வைப்பதே சுலபமான வழி.

பட்டம் பெற்று வேலைக்குச் செல்வோரின் நேரத்தை அலுவலகமும் குடும்பமும் விரைவில் பங்குபோட்டுக்கொள்ளும். வாரத்தில் அரைமணியையும் ஒரு நோட்டையும் வேலையில் சேரும் முதல் வாரத்திலேயே அவர்கள் தமக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.