பெயர் போருக்கு, இருக்கை பிறருக்கு: திருவிதாங்கூரும் 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையும்

வல்லரசுகள் தமக்குள் அமைதி பேசும்போது, யாரைக் காக்கப் போரிடுவதாகச் சொன்னார்களோ அந்த நட்பு நாட்டை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவது புதிய வழக்கமன்று. அதற்கான மிகத் தெளிவான சான்றுகளுள் ஒன்று திருவிதாங்கூர் அரசின் வரலாற்றிலேயே உள்ளது. மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியது திருவிதாங்கூரின் பெயரால். அதை முடித்து வைத்த 1792 மார்ச் 18ஆம் நாள் உடன்படிக்கையில் திப்பு சுல்தானுக்கு எதிர்த்தரப்பாக அமர்ந்தவர்களோ ஆங்கிலேயக் கம்பெனியும் ஐதராபாத் நிஜாமும் மராட்டியப் பேஷ்வாவும் மட்டுமே.

இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1784இல், கம்பெனிக்கும் திப்புவுக்கும் இடையே மங்களூரில் ஏற்பட்ட உடன்படிக்கையில் திருவிதாங்கூர், தஞ்சை மன்னர்கள் கம்பெனியின் நண்பர்கள் என்று குறிக்கப்பட்டனர். ஆர்க்காட்டு நவாப் அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை என்பது, அதைச் செய்து முடித்த சென்னை அரசின்மீது வாரன் ஹேஸ்டிங்ஸ் தலைமையிலான வங்காள அரசு சாட்டிய குறைகளுள் ஒன்று. பெயர் இடம்பெற்றாலே பாதுகாப்பு உறுதி என்று அன்று எண்ணப்பட்டது. அந்த எண்ணம் எவ்வளவு மெலிந்தது என்பதை 1789 காட்டியது.

அவ்வாண்டு டச்சுக்காரரிடமிருந்து கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய இரு கோட்டைகளைத் திருவிதாங்கூர் மூன்று லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. கொச்சி அரசு தமக்குத் திறை செலுத்துவது, ஆகவே அதன் நிலத்திலிருந்த கோட்டைகளை விற்க டச்சுக்காரருக்கு உரிமையில்லை என்பது திப்புவின் வாதம். அதைச் சட்ட நோக்கில் முற்றிலும் வெற்றுவாதம் என்று தள்ளிவிட முடியாது. டிசம்பர் இறுதியில் அவரது படை நெடுங்கோட்டையைத் தாக்கியது. நெடுங்கோட்டை என்பது கடற்கரைக் காயலிலிருந்து மலையடிவாரம்வரை ஏறத்தாழ முப்பது மைல் நீண்ட மண்ணரண். முன்னே ஆழமான அகழி, அடர்ந்த மூங்கில் வேலி, இடையிடையே கொத்தளங்கள் என்று அமைந்திருந்தது. முதல் தாக்குதலைத் திருவிதாங்கூர்ப் படையே முறியடித்தது. மன்னர் செலவில் எல்லையில் நிறுத்தப்பட்டிருந்த கம்பெனிப் பட்டாளங்கள், மேலிடத்து உத்தரவில்லை என்று ஒதுங்கி நின்றன. சென்னை ஆளுநர் ஜான் ஹாலந்தோ, ஆணையர்களை அமர்த்தித் தகராறைப் பேசித் தீர்க்கலாம் என்று திப்புவுக்கு எழுதினார். கொல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

கருத்து வேறுபாடு லண்டனுக்கும் எட்டியது. நாடு பிடிக்கும் போர் ஆங்கில மக்களின் கௌரவத்துக்கு ஒவ்வாதது என்று 1784ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கூறியிருந்ததால், 1791இல் காமன்ஸ் சபையில் ஹிப்பிஸ்லி, பிலிப் பிரான்சிஸ், ஃபாக்ஸ் போன்றோர் இந்தப் போர் நியாயமானதுதானா என்று கேட்டனர். ஹென்றி டண்டாஸ் காரன்வாலிஸின் பக்கம் நின்று பேசினார். கோட்டைகளை மன்னர் வாங்கியது முறையா என்பது அவ்வளவு நுணுக்கமாக அலசப்பட்டது. ஆனால் அந்த மன்னர் போரில் ஒரு தரப்பா, அல்லது போருக்கு ஒரு சாக்கு மட்டும்தானா என்ற கேள்வி அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை.

விடை சீரங்கப்பட்டணத்தில் கிடைத்தது. திப்பு தம் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் விட்டுக்கொடுத்து, இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார். மலபார், திண்டுக்கல், பாராமகால் ஆகியன கம்பெனிக்குப் போயின. நிஜாமும் பேஷ்வாவும் தத்தம் பங்கைப் பெற்றனர். திருவிதாங்கூருக்குப் பங்கு எதுவுமில்லை என்பதோடு, போர்ச் செலவில் ஒரு பகுதியும் அதன் தலையில் ஏற்றப்பட்டது. இன்னும் விந்தை, முன்பே திருவிதாங்கூர் வசமிருந்த பரூர், ஆலங்காடு, குன்னத்துநாடு என்னும் மூன்று வட்டங்கள் திப்பு கம்பெனிக்கு அளித்தவற்றுள் அடங்கியவை என்று கணக்கிடப்பட்டதாகும். 1795ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கம்பெனி அவற்றை மன்னருக்கு 'விட்டுக்கொடுத்தது'. அதே ஒப்பந்தத்தில் மூன்று பட்டாளங்களுக்கு நிகரான ஆண்டுச் செலவை மன்னர் ஏற்றுக்கொண்டார். துணைப்படைத் திட்டம், அதாவது காவலுக்கு நிற்கும் அந்நியப் படைக்குக் காக்கப்படுபவரே கூலி கொடுக்கும் ஏற்பாடு, இங்கு வேரூன்றியது இவ்வாறே.

இதே வழக்கம் பின்னாளிலும் தொடர்ந்தது. 1938இல் மியூனிக்கில் செக்கோஸ்லோவாகியா இல்லாமலே அதன் எல்லை வெட்டப்பட்டது. 2025 பிப்ரவரியில் ரியாத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் உக்ரைன் போரைப் பற்றி உக்ரைன் இல்லாமலே பேசின. 1987 ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் கையொப்பமான இந்திய இலங்கை ஒப்பந்தம் இவற்றோடு முழுமையாக ஒத்துப்போகாது, ஏனெனில் அதில் விடுபட்டவர்கள் ஓர் அரசல்லர். எனினும் யாருடைய வாழ்வு பேசப்பட்டதோ அந்த வடகிழக்குத் தமிழர் சார்பில் ஒருவரும் அதில் கையெழுத்திடவில்லை.

இத்தகைய ஒப்பந்தங்களின் வரலாறு பெரும்பாலும் கையெழுத்திட்டவர்களின் ஆவணங்களைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. திருவனந்தபுரத்தில், தம்பானூரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் திருவிதாங்கூரின் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. பழைய எழுத்தைப் படிக்கப் பயின்ற தமிழ், மலையாள மாணவர்கள் 1788 முதல் 1795 வரையிலான ஆண்டுகளைத் திருவிதாங்கூரின் பக்கத்திலிருந்து ஆராய முன்வர வேண்டும்.