இணைப்பை அனுப்புமுன் இரண்டு வரி

வைகையின் வடகரையில், நெசவாளர் தெருக்களும் தறிச் சத்தமுமாக வளர்ந்த நம் மதுரைச் செல்லூரில், மின்தடை அறிவிப்பு முதல் மருத்துவ முகாம் வரை சகல விஷயங்களும் இன்று வாட்ஸ்அப் குழுக்களில் இணைய இணைப்புகளாகவே வந்து சேர்கின்றன. இந்தச் சௌகரியத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும், பலர் கூடியிருக்கும் குழுவில் ஓர் இணைப்பை இடுகிறவர் அனுசரிக்க வேண்டிய மரியாதைகள் சில உண்டு. அவற்றைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு தெருக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒருவர், "நாளைக்கு நம்ம ஏரியாவுல கரண்ட் இருக்காதாம்" என்று எழுதி ஓர் இணைப்பை அனுப்புகிறார். அதை நம்பி, விசைத்தறி வைத்திருப்பவர் தம் ஆட்களை மறுநாள் வரவேண்டாமென்று சொல்லிவிடுகிறார். பொழுது விடிந்த பிறகு, அதைத் திறந்து முழுதும் படித்த ஒரு மாணவி, அறிவிப்பின் தேதி சென்ற ஆண்டினது என்று கண்டு சொல்கிறாள். அனுப்பியவர் உபகாரமென்று கருதியே அனுப்பினார். ஆனால் தேதியைப் பார்க்க அவர் செலவிடாத ஒரு நிமிஷத்துக்காகத் தறி ஓட்டுகிறவர்கள் ஒரு நாள் கூலியை இழந்தார்கள்.

ஆகவே முதல் மரியாதை, தாம் படித்ததையே பிறருக்கு அனுப்புவது. 2018-இல் முகநூல் பதிவொன்றைப் பகிர்ந்துவிட்டு, படிக்காமலே பகிர்ந்ததாகச் சொன்ன ஒருவர் மீதான வழக்குகளை ரத்து செய்ய, 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் மறுத்தது. பகிர்ந்தவரும் அதன் விளைவுக்குப் பொறுப்பாளியே என்றது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இரண்டாவது, வெறும் இணைப்பை மட்டும் அனுப்பாமல், அது எதைப் பற்றியது, யார் வெளியிட்டது, எந்தத் தேதியினது, எவருக்குப் பயன்படும் என்பதை இரண்டு வரியில் எழுதுவது. நீளத்தையும் நூலின் நம்பரையும் சொல்லாமல் எந்தத் தறிக்காரரும் துணியைக் கடைக்கு அனுப்புவதில்லை. நாம் அனுப்பும் செய்திக்கும் அந்தச் சிரத்தை வேண்டும். ஒரு மணி நேரக் காணொளியானால், பார்க்கவேண்டிய பகுதி எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்பதையும் குறிப்பிடலாம். பிறருடைய அவகாசத்தை மதிப்பது அதுவே.

மூன்றாவது, உழைத்தவர் பெயரைக் காப்பது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், நம் நகரின் பெயரைத் தாங்கி, பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கிவருகிறது. அதன் நிபந்தனை எளியது: கோப்பை எவருக்கும் கொடுக்கலாம், முகப்புப் பக்கத்தை மட்டும் நீக்கலாகாது. உழைத்தவர்களின் பெயர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு கட்டுரையை வெட்டி ஒட்டி, எழுதியவர் பெயரை விட்டுவிட்டு அனுப்புகிறவர்கள், மூலப் பக்கத்தின் இணைப்பையே கொடுத்தால் அந்த உழைப்புக்கு உரிய கௌரவம் கிடைக்கும்.

உதவித்தொகை, பரிசு, வங்கிக் கணக்குப் புதுப்பிப்பு என்று சொல்லி வரும் இணைப்புகளை, உரிய அலுவலகத்தில் விசாரித்துத் தெளியாமல் எவருக்கும் அனுப்பக்கூடாது. ஏமாந்து பணம் போனவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். தாமதம் குறையுமளவுக்குப் பணம் மீளும் வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பிழை நேரக்கூடும். நேர்ந்தால், அனுப்பியதைச் சத்தமின்றி அழித்துவிட்டு இருந்துவிடாமல், அதே குழுவில், "நான் அனுப்பிய செய்தி தவறு, யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்" என்று எழுதவேண்டும். தவறு எத்தனை கைகளுக்குச் சென்றதோ, திருத்தமும் அத்தனை கைகளுக்கும் சென்றாகவேண்டும். நம் பெயரைக் கண்ட நம்பிக்கையினால்தான் அண்டை அயலார் நாம் அனுப்புவதைத் திறக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு இதுதான்.