தலைவரை வினவும் முறை

(முதுகுளத்தூரில் நம் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேர்தல் காலத்தில் நம் ஊருக்கு வரும் தலைவர்களுக்கு மாலை சூட்டுகிறோம், கரகோஷம் செய்கிறோம், ஆனால் வினா ஒன்றும் விடுப்பதில்லை. அக்கடமையை நம் பொருட்டுச் செய்வோர் பத்திரிகை நிருபர்களே. அவர்கள் வினவும் முறையையும், அதனால் நமக்குள்ள பயனையும் சிறிது ஆராய்வோம்.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் வகுத்தனர். அறியாததை அறிய வினவுதல் ஒன்று. தாம் அறிந்ததையே பிறர்பால் வினவும் அறிவினா மற்றொன்று. தேர்ந்த நிருபர் அறிவினாவோடு வருவர். தலைவர் முன் சொன்னதும் இன்று சொல்வதும் எங்கே மாறுபடுகின்றனவோ, அங்கே வினாவை வைப்பர்.

1987-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் புதுடில்லியில் பிரதம மந்திரி ராஜீவ் காந்தி நிருபர்களைச் சந்தித்தார். தம் பாகிஸ்தான் பிரயாணம் பற்றி அவர் கூறியதும், வெளிநாட்டு இலாகாக் காரியதரிசி ஏ. பி. வெங்கடேஸ்வரன் கூறியதும் வேறுபடுவதைப் பாகிஸ்தான் நிருபர் ஒருவர் சுட்டி வினவினார். விரைவில் புதிய காரியதரிசியோடு பேசுவீர்கள் என்பதே பிரதமர் தந்த விடை. அன்றே வெங்கடேஸ்வரன் பதவி துறந்தார். உள்ளே மறைந்திருந்த பிணக்கை வினா ஒன்று சபை நடுவே வெளிப்படுத்திற்று.

ஒரு வினாவில் உண்மை வெளிவராதாயின் மீண்டும் வினவுதல் வேண்டும். 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், நம் கடலுக்கு அக்கரையிலுள்ள கிளிநொச்சியில் வேலுப்பிள்ளை பிரபாகரன் நிருபர்களைச் சந்தித்தார். 1991-இல் ராஜீவ் காந்தி கொலையுண்டது பற்றி நிருபர்கள் திரும்பத் திரும்ப வினவினர். அஃது ஒரு துன்பியல் சம்பவம் என்றாரேயன்றி, ஆம் என்றும் இல்லை என்றும் கூறினாரில்லை. நேர்விடை கிட்டாததும் உலகறிந்த செய்தியாயிற்று.

எண்வகை விடையுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றே நேர்விடைகள். வினாவுக்கு எதிர்வினா விடுத்தலும் இலக்கணத்தில் விடையே. குடிமக்களுக்கு அது போதாது. நிருபர்களிலும் முகஸ்துதி செய்வோர் உளர். வினா என்னும் பெயரால் பிரசங்கம் செய்வோரும் உளர். இவ்விருவராலும் நமக்கு ஒரு பயனும் இல்லை.

இனி, நம்மைப் பற்றிய ஒரு விஷயம். அயலார் தலைவரை நிருபர் மடக்கினால் மகிழ்கிறோம். நம்மவர் ஒருவரை வினவினாலோ, நம் சமூகத்தையே இகழ்ந்ததாகக் கொண்டு சினந்து எழுகிறோம். இது தகுமா? கண்மாயில் நீர் வாராத ஆண்டில் நம்மவர் வயலும் பிறர் வயலும் ஒன்றாகவே காய்கின்றன. கண்மாய் மராமத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று வினவும் நிருபர் நமக்குப் பகைவர் அல்லர். நாம் வினவ மறந்ததை வினவும் நண்பரே ஆவர். விடை கூற வல்ல தலைவருக்கு அதனால் பெருமையே உண்டாகும். வல்லாதவரை நம்மவர் என்பதற்காகவே தாங்குவோமாயின் நஷ்டம் நம்முடையதே.

ஆதலின் நம் வாலிபர் சிலரேனும் பத்திரிகைத் தொழிலிற் புகுதல் வேண்டும். ஏனையோர், பணிவோடும் ஆதாரத்தோடும் வினவும் பழக்கத்தை நம் சங்கத்து வரவு செலவுக் கணக்கிலிருந்தே தொடங்குவோமாக. சொந்த வீட்டில் வினவக் கூசுவோர் ஊர்ச் சபையில் வினவமாட்டார்.