வண்ண மின்தாள்: பயனும் அதற்குரிய விலையும்

(மாணவர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அச்சிட்ட தாளுக்கு இரு சிறப்புகள் உண்டு. அதற்குச் சொந்த ஒளி இல்லை. சூழ்ந்துள்ள ஒளியைத் திருப்பி அனுப்பியே அது கண்ணுக்குப் புலனாகிறது. எழுத்து நிலைத்து நிற்க அதற்கு மின்சக்தியும் வேண்டியதில்லை. இவ்விரு சிறப்புகளையும் ஒரு திரைக்கு அளிக்கும் முயற்சியே மின்தாள்.

1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் நிக்கலஸ் ஷெரிடன் இதற்கு வித்திட்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்ற ஆராய்ச்சியின் பயனாக 1997-இல் ஈ-இங்க் நிறுவனம் தோன்றியது. அதன் திரையுடன் 2004-இல் ஜப்பானில் சோனியின் மின்னூல் கருவியும், 2007-இல் அமேசானின் கிண்டிலும் வெளிவந்தன. ஆனால் வண்ணக் கிண்டில் 2024-இல்தான் விற்பனைக்கு வந்தது. இத்தாமதம் ஏன் ஏற்பட்டது?

ஒளியின் வரவு செலவு

மின்தாளில் நுண்ணிய உறைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் உறையிலும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்ற வெள்ளை, கறுப்புத் துகள்கள் ஒரு திரவத்தில் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒருவகைத் துகள் மேலே வருகிறது. மற்றது கீழே செல்கிறது. பின்னர் மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை அங்கேயே தங்கிவிடுகின்றன.

வண்ணத்துக்கான எளிய வழி, இத்திரையின்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை அமைப்பதாகும். தொலைக்காட்சித் திரையிலும் வடிகட்டிகளால் ஒளி குறைவதுண்டு. ஆனால் அங்கே பின்விளக்கைக் கூட்டி அக்குறையை ஈடுசெய்யலாம். மின்தாளோ நிலையான வருவாயை நம்பி வாழும் குடும்பத்தைப் போன்றது. அறையின் ஒளியே அதன் வருவாய். ஒவ்வொரு வடிகட்டியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியையே செல்ல விடுவதால், வெண்மையான பக்கம் சாம்பல் நிறம் கொள்கிறது.

இரு வழிகள்

2010-இல் ஈ-இங்க் அறிவித்த டிரைட்டன் திரை இம்முறையில் அமைந்ததே. இதன் வழிவந்த கலைடோ 3, 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஒரு புள்ளிக்கு 16 படிநிலைகள் என்ற கணக்கில், மூன்று நிறங்களும் சேர்ந்து 16×16×16, அதாவது 4096 வண்ணங்களை இது தருகிறது. எனினும் கறுப்பு எழுத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக உள்ள தெளிவு, வண்ணத்தில் 150 ஆகக் குறைகிறது.

இரண்டாம் வழி வடிகட்டியை அறவே நீக்குவது. அச்சகத்தார் கையாளும் சயான், மெஜந்தா, மஞ்சள் நிறத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் ஒரே இடத்தில் வைக்கப்படுகின்றன. 2022-இல் அறிவிக்கப்பட்ட கேலரி 3 இவ்வகையைச் சார்ந்தது. இதில் வண்ணம் செழுமையாக உள்ளது, தெளிவும் குறைவதில்லை. ஆனால் நால்வகைத் துகள்களைப் பிரித்து நிறுத்தக் காலம் தேவை. மிகச் சிறந்த வண்ணத்துக்கு ஒரு பக்கம் ஒன்றரை வினாடி எடுத்துக்கொள்கிறது. முதல் வழியில் ஒளியும் தெளிவும், இரண்டாவதில் காலமும் விலையாகின்றன.

தேர்வு செய்வோர் கருத வேண்டியவை

2024-இல் கோபோ நிறுவனம் ஆறு அங்குலக் கருவி ஒன்றைக் கறுப்பு-வெள்ளையிலும் வண்ணத்திலும் வெளியிட்டது. அப்போது அமெரிக்காவில் முன்னதன் விலை ஏறத்தாழ 130 டாலராக இருந்தது. பின்னதன் விலை ஏறத்தாழ 150 டாலராக இருந்தது. வேறுபாடு 20 டாலராகவே இருந்தது. எனவே வண்ணம் மலிவாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதற்குரிய விலை பணமாக மட்டும் செலுத்தப்படுவதன்று. நாள்தோறும் படிப்பவரின் கண்ணும் அதில் ஒரு பங்கைச் செலுத்துகிறது. மங்கலை ஈடுசெய்ய முன்விளக்கைக் கூட்டினால், மின்கலமும் தன் பங்கைச் செலுத்துகிறது.

நூலகத்துக்கோ கல்லூரிக்கோ கருவி வாங்கும் அலுவலர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் 'வண்ணத்திரை' என்று மட்டும் குறித்தல் போதாது. நிலப்படம், உயிரியல் விளக்கப்படம் ஆகியவற்றுக்கு வண்ணம் இன்றியமையாதது. சட்டம், வரலாறு, அறிக்கைகள் ஆகியவற்றைப் படிக்கக் கறுப்பு-வெள்ளையே மேலானது. முன்விளக்கை அணைத்து, சன்னலோர வெளிச்சத்தில் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்த பின்னரே முடிவெடுப்பது நன்று. அக்கருவியைக் கொண்டு பல ஆண்டுகள் படிக்கவிருப்பவர் மாணவரே.