கேட்டுவிட்டுப் போனவர்



ஆண்டவர் இயேசு கைதியாக நிற்கிறார். உண்மை என்றால் என்ன என்று பிலாத்து அவரிடம் கேட்கிறார். கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய்விடுகிறார் (யோவா 18:38). பதில் அவர் கண்முன்னே நின்றுகொண்டிருந்தது!

பிலாத்துவின் கேள்வி நம் காலத்து ஐரோப்பிய மெய்யியலாளர்களையும் விடவில்லை. அவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டு மிஷேல் ஃபூக்கோ. அவர் நம் விசுவாசத்தைச் சார்ந்து எழுதியவர் அல்லர். ஒரு காலத்தில் எது உண்மை என்று ஏற்கப்படுகிறதோ, அதில் அதிகாரத்தின் கையும் இருக்கிறது என்று காட்டியவர். அப்படியானால் வலுத்தவன் சொல்வதுதான் உண்மையா என்று பலர் கலங்கினார்கள்.

அதே ஃபூக்கோ 1984-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பாரிசில் நடத்திய கடைசி வகுப்புகளில் எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? உண்மைக்கான துணிவைப் பற்றி. கிரேக்கர் இதைப் 'பர்ரேசியா' என்றார்கள். ஆபத்து வரும் என்று தெரிந்தே, வலியவர் முன் உள்ளதை மறைக்காமல் சொல்வது. உண்மையைச் சொல்பவர் அதற்காக எதை இழக்கத் துணிகிறார் என்பதையும் அவர் கேட்டார்.

இந்தச் சொல் திருவிவிலியத்திலும் உண்டு. பேதுரு, யோவானின் துணிவைக் கண்டு தலைமைச் சங்கத்தார் வியந்தார்களே (திப 4:13), அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது இதே 'பர்ரேசியா'தான்.

நான் இளங்குருவாக இருந்தபோது, வீட்டு வேலை செய்த ஒரு பெண்மீது திருட்டுப் பழி விழுந்தது. அந்த நேரத்தில் அவர் கோவிலில் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். நானே பார்த்தேன். ஆனால் பழி சொன்னவர்கள் கோவிலுக்குத் தாராளமாகக் கொடுப்பவர்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் வேலையிழந்து ஊரைவிட்டே போனார். உண்மை எதுவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பிலாத்துவைப் போல வெளியே போய்விட்டேன். இன்றும் அந்தப் பீடத்தில் பூவைப் பார்த்தால் நெஞ்சு உறுத்துகிறது.

தாமே உண்மை என்று சொன்ன ஆண்டவர், அதற்கான விலையைச் சிலுவையில் கொடுத்தார். இந்த வாரம் வீட்டிலோ, வேலையிடத்திலோ, அன்பியக் கூட்டத்திலோ ஒருவர்மீது வீண்பழி விழுந்தால், தெரிந்ததைச் சொல்லுங்கள். எழுந்து போய்விடாதீர்கள்.

தூய ஆவியார் நமக்கு அந்தத் துணிவைத் தருவாராக. ஆமென்.